வழி கேட்கும் நாள்

எனக்கு வாய் அதிகம். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. போடியில் எங்கள் தெருக் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை என்றால் புகார் சொல்ல என்னைத்தான் அனுப்புவார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் இரண்டாவது முறை வராவிட்டால் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கிற விதத்தில் கேட்டால் நடக்கும் என்பது ஐம்பது வயதுவரை என் நம்பிக்கை. அந்தக் ‘கேட்கிற விதம்’ என்ன என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்திருக்கிறது.

என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்தது மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். போடிமெட்டுக்கு மேலே, கேரள எல்லையைத் தாண்டி, பூப்பாறை போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. என் கணவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே பாலிதீன் பை கேட்பார். அதனால் அப்பாவுக்குப் பிறகு தோட்டம் என் பொறுப்பு. விடிகாலையில் காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மடியில் சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு போய்வருவேன். முதலாளியம்மா முன்சீட்டில் உட்கார வேண்டும் என்று டிரைவர் சொல்வார். பின்னால்தான் பேச்சு நன்றாக இருக்கும் என்று நான் பின்னால்தான் ஏறுவேன்.

தோட்டத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. சாலையிலிருந்து அதற்கு நேர் வழி கிடையாது. பக்கத்துத் தோட்டத்தின் நடுவே ஜீப் போகிற அகலத்தில் ஒரு மண்பாதை உண்டு. அதில்தான் போக வேண்டும். அந்தத் தோட்டம் ஒரு மலையாளக் குடும்பத்துடையது. கீழே பாலா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் மட்டும் அந்த ஓட்டு வீட்டில் இருந்தார். எல்லாரும் அவரைச் சேச்சி என்பார்கள். நானும் அப்படியே சொல்வேன்.

பாதைக்குப் பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. ஆனி மாதத்தில், முதல் காய் எடுப்புக்கு முன்னால் ஒரு நாள், சேச்சி வீட்டுக்கு நேரில் போய், “இந்த வருசமும் வழி வேணும்” என்று கேட்க வேண்டும். அவர் சரி என்பார். அப்பா காலத்திலிருந்து நடப்பது. போடியிலிருந்து ஒரு கூடை மாம்பழம் கொண்டுபோவோம். திரும்பும்போது அவர் ஒரு பலாப்பழமோ கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கோ ஜீப்பில் ஏற்றிவிடுவார். அந்த வழி இல்லாவிட்டால் ஓடையைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் ஏற வேண்டும். காயும் உரமும் எல்லாம் தலைச்சுமைதான். அப்படி ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டாள்.

எனக்கு அந்த நாள் வந்தாலே உடம்பெல்லாம் எரியும். என் தோட்டத்துக்கு நான் போக இன்னொருத்தியிடம் போய் நிற்பதா? அதுவும் ஒரு தடவை அல்ல, வருசா வருசம்.

என் கூட வருவது எங்கள் கங்காணி. தோட்ட வேலைகளை மேற்பார்க்கிறவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தமிழர்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மலையிலேயே என்பதால் மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு அது வராது. மூக்கால் பேசினால் மலையாளம் ஆகிவிடும் என்று போடியில் பாதிப் பேர் நினைப்பதுபோல நானும் நினைத்து, ஒருமுறை பூப்பாறைக் கடையில் அப்படிப் பேசிப் பார்த்து, கடைக்காரர் ஜலதோஷ மாத்திரை வேண்டுமா என்று தமிழில் கேட்டதிலிருந்து விட்டுவிட்டேன். சேச்சிக்கோ தமிழ் வராது. அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லை நான் கேட்டதில்லை. அந்த மலையில் தமிழ் தெரியாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்படி ஒருத்தர் எனக்கு வாய்த்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

ஆகவே பதினெட்டு வருசமாக அந்த வீட்டு வராந்தாவில் நடந்தது இதுதான். நான் தமிழில் சொல்வேன். கங்காணி அதை மலையாளத்தில் சொல்வார். சேச்சி சிரிப்பார், தலையசைப்பார், பால் இல்லாத கட்டஞ்சாயா கொண்டுவருவார்.

நான் சொல்வது இந்த மாதிரி இருக்கும்: “ஏண்ணே, இந்தம்மாவுக்கு வேற சோலி இல்லையான்னு கேளு. வருசா வருசம் வந்து நிக்கணுமாக்கும். வெரசா சரின்னு சொல்லச் சொல்லு, ஜீப்பு நிக்குது.”

கங்காணி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, “சொல்றேன் ஆத்தா, செத்த பொறு” என்பார். பிறகு பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார்.

சேச்சி சரி சொன்னதும் நான் நிமிர்ந்து உட்காருவேன். போடிக்கு வந்து கணவரிடம், “கறாராப் பேசுனாத்தான் காரியம் நடக்கும். நீங்களா இருந்தா காலுல விழுந்திருப்பீக” என்பேன். அவர் பேப்பரைக் கீழே இறக்காமல் “ம்” என்பார்.

எனக்குச் சந்தேகம் வந்தது பதினேழாவது வருசம். நான் நாலு வார்த்தை சொன்னால் இந்த மனுசன் எப்படி நாற்பது வார்த்தை சொல்கிறார்? நடுவில் அவரும் சேச்சியும் சிரிக்கிறார்கள். என் தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் ஏதோ பேச்சு நடக்கிறது. கேட்டால், “மலையாளத்துல அப்பிடித்தான் ஆத்தா, சுத்தி வளைச்சுத்தான் சொல்லணும்” என்றார். இந்தக் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம் என்று நினைத்தேன். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அதற்கு மலையாளம் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். புதிய மொழி கற்றுக்கொள்ள மனிதர்களுக்கு எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கும். என்னுடையது இது.

பூப்பாறையில் ஒன்றாம் வகுப்பு மலையாளப் புத்தகம் ஒன்று வாங்கினேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதற்குச் சொந்தக்காரப் பிள்ளைக்கு என்று பொய் சொன்னேன். எழுத்தெல்லாம் ஜாங்கிரி பிழிந்ததுபோல இருந்தது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில், சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, தோட்டக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினேன். வீட்டில் சமைக்கும்போது காதில் வயரை மாட்டிக்கொண்டு மலையாள நாடகங்கள் கேட்டேன். நான் பக்திப் பாட்டு கேட்கிறேன் என்று கணவர் நினைத்துக்கொண்டு சத்தம் போடாமல் நடந்தார். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் ஜீப் நிற்கும்போது எதிரே வருகிற பஸ்சின் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆறு மாதத்தில் பஸ் போவதற்குள் படித்து முடித்தேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை.

படிக்கும்போது ஒரு தொல்லை இருந்தது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் திட்டுவதற்கு ஒரு சொல் கிடையாது. பசு இருக்கிறது, மழை இருக்கிறது, அம்மா வந்தாள், எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். தனியாக இருக்கும்போது மலையாளத்தில் பேசிப் பார்ப்பேன். சேச்சியிடம் சொல்ல நினைப்பதைச் சொல்லிப் பார்ப்பேன். தமிழில் பொரிந்து தள்ளுகிறதில் ஒரு வரிகூட மலையாளத்தில் போகாது. கைவசம் இருக்கிற நூறு இருநூறு சொல்லை வைத்துக்கொண்டு கோபப்பட முடியாது. அந்தச் சொற்களில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், முதலில் எனக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். சாக்கின் மேல் உட்கார்ந்து யோசிப்பேன். ஏன் எனக்கு அங்கே போவது பிடிக்கவில்லை? மரியாதை குறைகிறது என்பதாலா? அப்படியென்றால் அப்பா ஏன் சிரித்துக்கொண்டே போய்வந்தார்? இந்தக் கேள்விகளை என் தாய்மொழியில் ஐம்பது வருசமாக நான் கேட்டுக்கொண்டதே இல்லை. பேசவே நேரம் சரியாக இருந்தது.

அடுத்த ஆனி வந்தது. மாம்பழக் கூடையோடு போனோம். ஒரு வருசமாகத் தீட்டிவைத்த காதோடு நான் உட்கார்ந்தேன். வேண்டுமென்றே வழக்கம்போலவே ஆரம்பித்தேன்.

“அண்ணே, மழை வர்றதுக்குள்ள எறங்கணும். இந்தம்மாகிட்ட வழியச் சொல்லி முடிக்கச் சொல்லு. நாம என்ன பிச்சையா கேக்குறோம்?”

கங்காணி துண்டைச் சரிசெய்தார். அவர் மலையாளத்தில் சொன்னது இதுதான்:

“போன மாதம் உங்களுக்கு முட்டுவலி அதிகம் என்று கேள்விப்பட்டு இவங்க ரொம்ப வருத்தப்பட்டாங்க. மழைக்காலத்தில் தனியாக இருக்கிறீர்களே என்று வழியெல்லாம் அதே பேச்சு. இந்த மாம்பழம் இவங்களே பார்த்துப் பொறுக்கினது. உங்கள் தயவில்தான் எங்கள் தோட்டம் நடக்கிறது. இந்த வருசமும் அந்த வழியைத் தர வேண்டும்.”

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. மாம்பழத்தை நான் பொறுக்கவில்லை. தெருவில் வந்த வண்டியில் கூடையோடு வாங்கினேன். முட்டுவலி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

சேச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜீப்பில் திரும்பும்போது நான் வாயைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று டிரைவர் இரண்டு முறை கேட்டார். வளைவு வளைவாக ஜீப் இறங்க இறங்க, பதினெட்டு வருசமும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சேச்சி பிரார்த்தனை செய்ததாகச் சொல்லியனுப்பியது. ஒரு வருசம் நான் போக முடியாதபோது பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பியது. அதெல்லாம் என் கறாருக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன். அது எனக்கு வந்ததே இல்லை. கங்காணி தன் வாயால் உண்டாக்கிய வேறொருத்திக்கு வந்தது. அவள் முட்டுவலியை விசாரிப்பவள், மாம்பழம் பார்த்துப் பொறுக்குபவள். அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கங்காணியைக் கையும் களவுமாகப் பிடித்தும் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை.

கேட்கலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொள்வதற்குள் அவரே வந்து நின்றார். முழங்கால் ஏற்றத்துக்கு மறுக்கிறது, திருப்பூரில் மகன் கூப்பிடுகிறான் என்றார். “இனி நீ பாத்துக்குவ ஆத்தா” என்றார். தை மாதம் போய்விட்டார்.

சித்திரையில் நான் தோட்டத்துக்குப் போனபோது பாதையின் முகப்பில், சேச்சி வீட்டுக்கு எதிரே, இரண்டு புதுக் கான்கிரீட் தூண்கள் நட்டிருந்தன. வைகாசியில் அவற்றின் நடுவே இரும்புக் கேட் வந்துவிட்டது. அன்றைக்குத் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் எனக்கு உயிரே போய்விட்டது. கங்காணி போனதும் சேச்சி கேட் போட்டுவிட்டார் பார் என்றுதான் மனதில் ஓடியது. வேலைக்கு வருகிற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: “அக்கா, வழி உண்டா இல்லையா? இல்லேன்னா இப்பவே சொல்லிப்பிடுங்க, நாங்க வேற தோட்டம் பாக்குறோம்.” அப்பா கொடுத்த தோட்டம் என் காலத்தில் காடாகிவிடும்போல இருந்தது.

வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல் இல்லை. டிரைவரே வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஆனி முதல் வாரத்தில், போடிச் சந்தையில் ஒவ்வொரு பழமாக முகர்ந்து பார்த்துப் பொறுக்கி, கூடை கட்டிக் கொண்டுபோய், டிரைவரை ஜீப்பிலேயே விட்டுவிட்டுத் தனியாக வராந்தா ஏறினேன். காம்புப் பக்கம் முகர வேண்டும் என்பது எனக்கு எப்போதும் தெரியும். பொறுக்கத்தான் பொறுமை இருந்ததில்லை.

சேச்சி கதவைத் திறந்து என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. உட்காரச் சொன்னார்.

நான் தயாராகத்தான் வந்திருந்தேன். கங்காணி போன வருசம் சொன்னதையே கொஞ்சம் மாற்றி மனப்பாடம் செய்திருந்தேன். மலையாளத்தில் ஆரம்பித்தேன். முட்டுவலி எப்படி இருக்கிறது, மழைக்காலத்தில் தனியாக இருக்கிறீர்களே, உங்கள் தயவில்தான் எங்கள் தோட்டம் என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். எழுத்து பிசகாமல்தான் சொன்னேன்.

சேச்சி கேட்டு முடித்தார். சிரிக்கவில்லை.

“இது அவனுடைய பேச்சு” என்றார் மலையாளத்தில். “நீ உன் பேச்சைப் பேசு, மோளே.”

என் பேச்சு எப்படி இருக்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது அவர் தலையைச் சாய்த்து, வலது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அட்சரம் பிசகாத போடித் தமிழில் சொன்னார்: “ஏண்ணே, இந்தம்மாவுக்கு வேற சோலி இல்லையான்னு கேளு.”

கை இடுப்புக்குப் போகிற அந்தத் தோரணைகூட என்னுடையதுதான். நாற்பது வருசமாகத் தமிழ்ப் பெண்கள் காய் எடுக்க வருகிற தோட்டத்தின் சொந்தக்காரி அவர். அவருக்குத் தமிழ் தெரியாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானாகவே முடிவு செய்திருக்கிறேன்.

“எனிக்கு எல்லாம் மனசிலாயி” என்றார், எல்லாம் விளங்கியது என்று. பிறகு காத்திருந்தார்.

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. தமிழில் பேசியிருந்தால் அந்த நேரத்திலும் ஏதாவது சமாளித்திருப்பேன். சமாளிக்கிறதற்குத் தமிழில் எனக்கு ஆயிரம் சொல் உண்டு. ஆனால் மலையாளத்தில் ஆரம்பித்துவிட்டதால் மலையாளத்திலேயே தொடர்ந்தேன். அந்த நூறு இருநூறு சொல்லுக்குள் இருந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

“எனக்கு இங்கே வந்து கேட்பது பிடிக்காது” என்றேன். “கேட்க வெட்கம். வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும். உங்களைக் கெட்டதாகப் பேசினேன். தப்பு. இப்போது கேட்டைப் பார்த்தேன். எனிக்கு பேடியாயி.”

பயந்துவிட்டேன் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை நான் தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடச் சொன்னதில்லை. புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில், இருட்டைப் பார்த்து ஒரு பிள்ளை சொல்வதாக இருக்கும். அவ்வளவு எளிதாக அது என் வாயிலிருந்து வந்தது.

“வழி வேணும்” என்று முடித்தேன். அதற்கு இரண்டு மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்தான்.

சேச்சி மாம்பழக் கூடையை அருகில் இழுத்தார். ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தார்.

“காட்டுமாடு வந்து செடியை மிதிக்கிறது. அதற்குத்தான் கேட். பூட்டு இல்லை, கொக்கிதான். வந்தால் திறந்துகொள், போனால் மாட்டிவிடு” என்றார். இதைக் கேட்டிருந்தால் வைகாசியிலேயே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுத முயல்கிறேன். “அவன் இனிக்க இனிக்கப் பேசினான் என்று நான் வழி கொடுக்கவில்லை. நீ சத்தம் போட்டாய் என்றும் கொடுக்கவில்லை. உனக்கு இவ்வளவு பிடிக்காத இடத்துக்கு, ஒரு வருசம் தவிர ஒவ்வொரு வருசமும் மலையேறி வந்தாய். முகத்தை அப்படி வைத்துக்கொண்டு, மடியில் மாம்பழத்தையும் வைத்துக்கொண்டு. அதைப் பார்த்தபிறகு எப்படி இல்லை என்று சொல்வது? அடுத்த ஆனியிலும் வந்து கேட்கணும். நீயே வந்து கேட்கணும்.”

“வருவேன்” என்றேன். நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு இப்போது கூச்சமில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை. உள்ளே போய்க் கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்தார். முட்டுவலி எப்படி இருக்கிறது என்று, இந்த முறை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்டேன். இடது முழங்கால், படி இறங்கும்போதுதான் வலி, ஏறும்போது இல்லை என்றார். அரை மணி நேரம் முழங்காலைப் பற்றியே பேசினோம். எனக்குத் தெரியாத சொற்கள் வந்தபோது நிறுத்திக் கேட்டேன். இரண்டு மூன்று இடத்தில் அவர் தமிழில் சொன்னார்.

கேட்டைக் கடந்ததும் ஜீப்பிலிருந்து இறங்கி நானே கொக்கியை மாட்டினேன். போடிமெட்டு வந்து சிக்னல் கிடைத்ததும் திருப்பூருக்குப் போன் போட்டேன். ஒரு வருசமாக அடக்கி வைத்ததையெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

“அண்ணே, சேச்சிக்குத் தமிழ் தெரியுமாம்.”

“தெரியும் ஆத்தா.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“மொத வருசமே தெரியும்.”

“நான் பேசுனதெல்லாம் அவுகளுக்கு வெளங்கும்னு தெரிஞ்சுக்கிட்டா அம்புட்டு நேரம் மாத்தி மாத்திப் பேசுன? பெறகு எதுக்குண்ணே அது?”

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் அவசரப்படவில்லை. எப்போதும் பேசுவதற்கு முன்னால் துண்டைச் சரிசெய்கிற அந்த நேரம் எடுத்துக்கொண்டார்.

“ஒருத்தர் வீட்டுக்கு வழி கேக்கப் போனா அப்பிடித்தான ஆத்தா பேசணும்” என்றார். “யாராச்சும் ஒருத்தரு பேசணும்ல?”